மூன்று பிரதிகள்

கோர்பிவாரா, 31 ஜூலை 2023
நீர்மட்டம் 87. காற்று தென்மேற்கிலிருந்து.

ரெய்மா,

கையால் எழுதுகிறேன். அழிந்தவற்றோடு சேர்ந்து உன் மின்னஞ்சல் முகவரியும் அழிந்துவிட்டது. தொலைபேசியில் கூப்பிடாதே. இந்த வாரம் ஒன்பது முறை அடித்தாய். ஒன்பது முறையும் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பின்னால் நீ வேறு மாதிரி சொல்லக்கூடும் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஜூலை 22, சனிக்கிழமை. மதியம் புது உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் சாப்பிட்டோம். மழை வருமா என்று பார்க்க என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாய். அது திறக்க நான்கு நிமிடம் எடுத்தது. எனக்குத் தெரியும், எப்போதும் நான்கு நிமிடம்தான். அதற்குள் நான் காப்பி போட்டுவிடுவேன். உனக்கு அது பொறுக்கவில்லை. "அக்கா, இது கம்ப்யூட்டர் இல்ல, கல்லறை. ஓ.எஸ்.ஸ மாத்திப் போட்டா பறக்கும்" என்றாய். "அது என் வேகத்துக்குச் சரியாத்தான் இருக்கு, கை வைக்காத" என்றேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

ஐந்து மணிக்கு நான் சவுனாவுக்குப் போனேன். சவுனாவின் சூட்டில் வியர்ப்பது, ஏரியில் முங்குவது, மறுபடி சவுனா என்று இரண்டரை மணி நேரம். ஈரத் தலையோடு வந்தால் திரையில் யாரோ ஒருவருடைய மலை. நீ என் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாய். "பாரு, இப்பக் குதிரை. எல்லாத்தையும் பேக்கப் எடுத்துட்டுத்தான் கை வச்சேன். பழைய டிஸ்க்க வேரோட சுத்தம் பண்ணிட்டேன், ஒரு தூசி இல்ல" என்றாய். தம்பி ஆசையாகச் செய்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

ஞாயிறு நீ தம்பரேவுக்குக் கிளம்பினாய். திங்கட்கிழமை வாரக் கணக்கைப் பதிய உட்கார்ந்தேன். இருபத்தாறு வருட ஏரி இல்லை. நீர்மட்டம், பனியின் தடிமன், பனி உடைந்த நாள், முதல் அன்னம் வந்த நாள், எதுவும் இல்லை. நீ பேக்கப் எடுத்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். அதில் சமையல் குறிப்பு பதினொன்றும், நான் என்றைக்கோ தவறுதலாக எடுத்த என் கட்டைவிரலின் படமும் இருக்கின்றன.

கட்டைவிரலைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி.

ஹெல்வி

*

தம்பரே, 7 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்து மனைவி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. முதலில் நிதானமாக மூச்சு விடு. நாற்பத்தோரு வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்த்தவன் நான். ஒரு ஆளின் பொருள்களை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியாதா? பயனர் ஃபோல்டர் முழுவதையும் நகல் எடுத்தேன். ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப் எல்லாம். மனிதர்கள் அங்கேதான் வைப்பார்கள். நீ வேறு எங்காவது வைத்திருந்தால் அதை யாராவது ஊகிக்க முடியுமா?

ஏன் கேட்கவில்லை என்று நீ நினைப்பாய். நீ சவுனாவுக்குள் இருந்தாய். சவுனாவுக்குள் இருப்பவரைக் கூப்பிடக்கூடாது என்று அம்மா நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்? சின்ன வயதில் கதவைத் தட்டியதற்காக எனக்குப் பின்மண்டையில் விழுந்தது இன்னும் நினைவிருக்கிறது. நீ வெளியே வருவதற்குள் முடித்து உன்னைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

டிஸ்க்கின் மேல்மட்டத்தில் வெசி97, யா98 என்று குப்பை குப்பையாக ஏதோ இருந்தது ஞாபகம். பழைய சிஸ்டத்தின் எச்சம் என்று விட்டேன். உன் பொருள் அதில் எதுவும் இல்லையே?

ரெய்மா

*

கோர்பிவாரா, 14 ஆகஸ்ட் 2023
நீர்மட்டம் 85.

ரெய்மா,

வெசி என்றால் தண்ணீர், யா என்றால் பனிக்கட்டி. இது உனக்கும் தாய்மொழிதான். ஏரிக்கரையில் பிறந்தவன், தண்ணீர் என்று பெயரிட்ட பெட்டியைப் பார்த்துக் குப்பை என்று நினைத்திருக்கிறாய்.

நான் கம்ப்யூட்டர் கற்றது 1997இல், நாற்பத்தேழு வயதில். மர ஆலையில் பாரந்தூக்கியில் எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஒரு கைப்புத்தகத்தையும் அகராதியையும் மடியில் வைத்துக்கொண்டு கற்றேன். உன்னைத்தான் முதலில் கேட்டேன். "உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்" என்றாய். அந்தப் புத்தகத்தில் எட்டெழுத்துப் பெயர் வை, டிஸ்க்கின் மேல்மட்டத்தில் வை என்று இருந்தது. வைத்தேன். பிறகு இயங்குதளம் ஆறு முறை மாறியது. ஆறு முறையும் நானேதான் போட்டேன், ஒரு வரிகூடத் தொலைந்ததில்லை. இந்த ஊர் நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் பதினைந்து பேருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் எது தெரியுமா? அழிக்கும் முன் உரியவரைக் கேள். பக்கத்து வீட்டு ஐலிக்கு எண்பத்து மூன்று வயது. அவளுக்கு இது தெரியும்.

சவுனாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். உள்ளே இருப்பவரை அவசரப்படுத்தக்கூடாது என்பதற்காக அம்மா சொன்னது அது. உள்ளே இருப்பவரின் வீட்டைக் கொள்ளையடிக்க வசதியாகச் சொன்னதில்லை.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே மேல்மட்டத்தில்தான் அம்மாவின் கேசட்டுகளும் இருந்தன.

ஹெல்வி

*

தம்பரே, 21 ஆகஸ்ட் 2023

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அம்மா ஏரியின் ஒவ்வொரு விரிகுடாவுக்கும் பெயர் சொல்ல, நீ கேசட்டில் பதிந்தாயே, அவைதானே? அந்தக் கடைசி மாலையில் பதிந்ததும் அதில்தானா? என் பெயர் வருகிறது என்று நீ சொன்னது? மூலக் கேசட்டாவது இருக்கும் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போதே நாடா அறுந்தது என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது.

டிஸ்க்கை அனுப்பு, மீட்டுத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுத வந்தேன். ஆனால் வேரோடு சுத்தம் செய்தது நான்தான். அதற்குப் பிறகு எதையும் மீட்க முடியாது என்பதும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஒவ்வொரு கோடையிலும் நீ "கேக்கறியா?" என்பாய். நான் அடுத்த வருஷம் என்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஜூனில்தான் ஓய்வு பெற்றேன். அம்மா பேசியதெல்லாம் நினைவிருக்கிறது அக்கா, குரல் மட்டும் வரவில்லை. படுத்துக்கொண்டு முயன்று பார்க்கிறேன். என் குரலில்தான் அவள் பேசுகிறாள்.

என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன்.

ரெய்மா

*

கோர்பிவாரா, 27 ஆகஸ்ட் 2023

[அனுப்பாதது. சமையலறை மேசை இழுப்பறையில் இருந்தது.]

ரெய்மா,

எல்லாம் இருக்கிறது.

மூன்று பிரதி எடுப்பது என் வழக்கம். ஒன்று கம்ப்யூட்டரில். அதை நீ அழித்தாய், திங்கட்கிழமை மாலையே திரும்பப் போட்டுவிட்டேன், நாற்பது நிமிட வேலை. இரண்டாவது ஐலியின் நிலவறையில், லிங்கன்பெர்ரி ஜாடிகளுக்குப் பின்னால் காப்பி டப்பாவுக்குள். மாதத்தின் முதல் ஞாயிறு அவள் தன் பின்னல் மாதிரிகளின் டிஸ்க்கை என்னிடம் தருவாள், நான் என்னுடையதை அவளிடம் தருவேன். மூன்றாவது அம்மாவின் தையல் பெட்டியில். ஒரு வரியும் போகவில்லை. ஏரியும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறாள்.

இதை ஜூலையிலேயே சொல்லியிருக்கலாம். உன் ஒன்பது தொலைபேசி அழைப்புகளில் எதையாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த மலைப்படத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் ஏரியைப் பற்றியதில்லை. பதினேழு வருடமாக என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் நீயே முடிவு செய்கிறாய். எதைச் செய்யலாம், எப்போது வரலாம், எது குப்பை, எல்லாம்.

குரல் நினைவில்லை என்கிறாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கேசட்டில் அவள் குரலோடு என் குரலும் இருக்கிறது. நான் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது.

இதை அனுப்பினால் நீ நாளைக்கே காரில் வந்து, ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போவதுபோல வாங்கிக்கொண்டு போய்விடுவாய். அவ்வளவு சுலபமாக உனக்குக் கிடைக்காது.

*

கோர்பிவாரா, 28 ஆகஸ்ட் 2023
நீர்மட்டம் 84.

ரெய்மா,

என்ன செய்யச் சொன்னாலும் செய்வதாக எழுதியிருக்கிறாய். சரி.

கம்ப்யூட்டரில் பதியும் முன் கரையில் நின்று கட்டம்போட்ட நோட்டில் எழுதுவேன், பார்த்திருப்பாய். "கம்ப்யூட்டர் வச்சிக்கிட்டு எதுக்கு நோட்டு" என்று கேலி செய்த அதே நோட்டுகள். இருபத்தேழு நோட்டு, ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகள். தபாலில் ஒவ்வொன்றாக வரும். தட்டச்சு செய்து நோட்டைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். தேதி, நீர்மட்டம், பனி, காற்று, குறிப்பு என்று ஐந்து பத்தி. குறிப்பில் இருப்பதை இருப்பதுபோலவே அடிக்க வேண்டும். ஸ்கேன் பண்ணி இயந்திரத்தை விட்டுப் படிக்கச் சொல்லலாம் என்று நினைக்காதே. பென்சில் எழுத்து, பாதி மழையில் நனைந்தது. உன் குதிரைக்குப் புரியாது.

1997 இத்துடன்.

ஹெல்வி

*

தம்பரே, 5 நவம்பர் 2023

அக்கா,

2003 முடிந்தது, தனித் தபாலில் வருகிறது. நேற்று இறந்தவர்களை நினைக்கும் நாள், இங்கே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மனைவியின் வீட்டாருக்குத்தான். அங்கே அம்மாவுக்கு நீ ஏற்றியிருப்பாய்.

தினமும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை உட்காருகிறேன். வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறேன். ஆபீசில் எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவன் கடையில் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்றுமா வேலை என்று கேட்டான். அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் என்றேன். சம்பளம் எப்படி என்றான். திட்டு தவறாமல் வருகிறது என்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர்க் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். "14.2.1999. பனி 63. அம்மாவின் இடுப்பு வலி. விறகு நான் பிளந்தேன்." "3.6.2001. நீர் 96. ரெய்மா வருவதாக இருந்தது. கேக் ஐலிக்குக் கொடுத்தோம்." இப்படி எத்தனை கேக் அக்கா? நான் எண்ண ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். ஐலி என்னால் எத்தனை கிலோ கூடியிருப்பாள் என்று கேட்கலாம் போலிருந்தது, கேட்கவில்லை.

ரெய்மா

*

கோர்பிவாரா, 13 நவம்பர் 2023
விரிகுடாவில் மெல்லிய பனி, கல் எறிந்தால் உடைகிறது.

ரெய்மா,

பதினான்கு கேக். நான் எண்ணியிருக்கிறேன்.

இந்த ஒரு முறை மட்டும் 2004, 2005 நோட்டுகளோடு 2006ஐயும் சேர்த்தே அனுப்புகிறேன். நேற்று அம்மா போன நாள். நவம்பர் பக்கங்களை அடிக்காமல் தாண்டிப் போகாதே.

ஹெல்வி

*

தம்பரே, 29 ஜனவரி 2024

அக்கா,

முடிந்தது. 9,417 வரிகள். இத்துடன் உள்ள சிறிய பென் டிரைவில் எல்லாம் இருக்கிறது. எட்டெழுத்துப் பெயரில்தான் வைத்திருக்கிறேன். டிஸ்க்கின் மேல்மட்டத்திலேயே போட்டுக்கொள்.

நவம்பர் பக்கங்களை அடிக்காமல் தாண்டிப் போகவில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. அதைப் பற்றி இங்கே எழுத முடியவில்லை. எழுத வேண்டியதை எழுத வேண்டிய இடத்தில் எழுதியிருக்கிறேன். நீ அதைப் படிக்காமலும் போகலாம்.

என்னால் அழிந்ததில் ஒரு பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மற்றப் பாதியைக் கொடுக்க வழியில்லை. அது உனக்கு இழப்பு, எனக்கு அதைவிடப் பெரியது. இனிமேல் தொலைபேசியை எடுப்பாயா?

ரெய்மா

*

கோர்பிவாரா, 9 பிப்ரவரி 2024
பனி 57.

ரெய்மா,

எடுக்க மாட்டேன்.

உன் வேலையைச் சோதித்தேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை இருக்கிறது, இரண்டு ஃபைல்களை வரிக்கு வரி ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் காட்டும். ஒன்று நீ அடித்தது. இன்னொன்று எது என்று இதற்குள் உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், மூலம்தான். அது என்றைக்குமே தொலையவில்லை. உன் மலைப்படம் வந்த மூன்றாம் நாளே திரும்பப் போட்டுவிட்டேன். மூன்று பிரதி வைத்திருப்பவளிடம் வந்து ஒன்றை அழித்துவிட்டு, எல்லாம் போயிற்று என்று ஆறு மாதம் அழுதிருக்கிறாய். உன் அக்காவிடம் பேக்கப் இருக்கும் என்று ஒரு நிமிடம்கூட உனக்குத் தோன்றவில்லை. பாரந்தூக்கி ஓட்டியவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்றுதானே.

உன் மணிக்கட்டுக்காக வருந்தவில்லை.

9,417 வரிகளில் எழுத்துப் பிழை முப்பத்தொன்று, மோசமில்லை. அவற்றைத் தவிர ஒரே ஒரு வேறுபாடு. மூலத்தில் இப்படி இருக்கிறது:

11.11.2006. நீர் 79. ரெய்மா வரவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டாள்.

நீ அடித்ததில், அதன் கீழே, மூலத்தில் இல்லாத ஒரு வரி:

11.11.2006. மதியம் புறப்பட்டேன். யுவாஸ்கூலா பெட்ரோல் பங்க் வரை வந்தேன். ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள், புது சிஸ்டம் ஏறவில்லை என்றார்கள். காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். ரெய்மா.

கிளம்பவே முடியவில்லை என்றுதான் பதினேழு வருடமாகச் சொன்னாய். கிளம்ப முடியாதவனை நான் ஒருவாறு ஏற்றுக்கொண்டிருந்தேன். பாதி வழி வந்து, காப்பி குடித்து, திரும்பிப் போனவனை என்ன செய்வது?

அம்மாவின் கேசட்டும் இருக்கிறது. மூன்று பிரதி. தபாலில் வராது, மின்னஞ்சலில் வராது. நீ இங்கே வந்து, என் சமையலறையில், நான்கு நிமிடம் காத்திருந்து, என் எதிரில் கேட்க வேண்டும். பழைய இயங்குதளத்தையே திரும்பப் போட்டுவிட்டேன், அதனால் அதே நான்கு நிமிடம்தான். பிப்ரவரி 17லிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சவுனா சூடாக இருக்கும். ஆறு மணி வரை பார்ப்பேன். நீ வராத ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் கேசட்டின் ஒரு பிரதியை அழிப்பேன். மூன்று சனிக்கிழமை. அதற்கப்புறம் நீயும் நானும் சமம்.

முழு வழியும் வர வேண்டும்.

ஹெல்வி

*

கோர்பிவாரா, 18 பிப்ரவரி 2024
பனி 59.

ஒன்று போயிற்று. தையல் பெட்டியில் இருந்தது.

ஹெல்வி

*

தம்பரே, 21 பிப்ரவரி 2024

அக்கா,

நீ செய்வாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

என்னை ஏமாற்றினாய் என்று மூன்று நாள் வீட்டில் கத்தினேன். மனைவி கடைசியில், "உங்க அக்கா உங்கள ஏமாத்தினது ஆறு மாசம். நீங்க?" என்றாள். அதற்கு மேல் கத்தவில்லை.

சனிக்கிழமை காரில் ஏறினேன். அதே பெட்ரோல் பங்க் வரை வந்தேன். இப்போது அங்கே பெயர்ப்பலகை வேறு, காப்பி அதே காப்பிதான். இந்த முறை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இருந்தும் திரும்பினேன். அம்மா கேசட்டில் என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வேன். திட்டாமல் இருந்திருந்தால்தான் பயம். ஒரு வாரம் கொடு.

ரெய்மா

*

கோர்பிவாரா, 25 பிப்ரவரி 2024
பனி 60.

இரண்டு போயிற்று. ஐலி தன் நிலவறையிலிருந்து எடுத்துக் கொடுக்க மறுத்தாள். "ஹெல்வி, நீ உங்க அம்மாவ அழிக்கறயா இல்ல அவனையா?" என்றாள். நானே இறங்கி எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்று மீதி.

ஹெல்வி

*

கோர்பிவாரா, 11 மார்ச் 2024
பனி 61. மேலே தண்ணீர் நிற்கிறது.

ரெய்மா,

கம்பளித் தொப்பியை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். இத்துடன் வருகிறது.

படிக்கட்டில் நின்று, "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாய். எனக்கு எழுதித்தான் வரும்.

2006இல் அன்று மாலை அம்மா இரண்டு முறை கேட்டாள் என்று நோட்டில் இருக்கிறது. மூன்றாவது முறையும் கேட்டாள், அதை நான் எழுதவில்லை. முதல் இரண்டு முறையும் வருவான் வருவான் என்றேன். மூன்றாவது முறை என்னால் முடியவில்லை. கேசட் ஓடிக்கொண்டிருப்பதை மறந்து சொல்லிவிட்டேன். "வந்துட்டான்மா. மாடில தூங்கறான். கூப்பிடவா?" அதற்கு அவள் சொன்னதைத்தான் நீ கேட்டாய். "எழுப்பாத. பாவம், வேலை பாத்துட்டு வந்திருக்கான். தூங்கட்டும்."

நீ வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு போனாள். வராத உனக்கு அந்த வீட்டில் நான் இடம் போட்டுக் கொடுத்தேன். அதற்காக உன்மேல் எனக்கு இருக்கும் கோபம், வராததற்காக இருப்பதைவிடப் பெரியது. அம்மாவிடம் நான் சொன்ன ஒரே பொய் உனக்காகச் சொன்னது. அதனால்தான் சொல்லவில்லை. சொன்னால் நீ ஆறுதலாக எடுத்துக்கொள்வாய். இப்போதும் எடுத்துக்கொள்ளாதே.

2006 ஃபைலில் உன் வரியை அழிக்கவில்லை. அதன் கீழே என் வரியைச் சேர்த்துவிட்டேன். இனி அந்த நாளுக்கு மூன்று வரிகள்.

இரண்டு பிரதியையும் நிஜமாகவேதான் அழித்தேன். நீ மூன்றாவது சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வாசலில் வந்து நின்றிருக்காவிட்டால் அதையும் செய்திருப்பேன். இதில் சந்தேகம் வைக்காதே. ஆனால் இப்போது கணக்கு சரியில்லை. ஒரே ஒரு பிரதி வைத்திருப்பவரிடம் எதுவும் இல்லை என்று வியாழக்கிழமைதோறும் சொல்பவள் நான். எனவே நேற்று இரண்டு எடுத்தேன். ஒன்று ஐலியின் காப்பி டப்பாவுக்குப் போயிற்று. மற்றது தொப்பிக்குள் இருக்கிறது, உதறும்போது பார்த்து எடு. உன் வீட்டில் வை. மேல்மட்டத்தில் வை.

இது மன்னிப்பு இல்லை. பேக்கப்.

அந்த வாரத்துப் பதிவையும் அனுப்புகிறேன், நீ அடிக்க வேண்டாம், நானே அடித்துவிட்டேன்:

2.3.2024. பனி 61. காற்று இல்லை. ரெய்மா வந்தான். கேட்டான். மாடிக்குப் போய்ப் படுத்தான். சவுனா சூடாக இருந்தது, சாப்பாடும் இருந்தது. எழுப்பவில்லை.

ஹெல்வி